தவிட்டுக்கு வாங்கிய மகன்

கொடைக்கானல் பஸ்ஸிலிருந்து இறங்கிய பூண்டு வியாபாரி ஒருவர் வத்தலக்குண்டில் எங்கள் கடை வாசலில் நின்று, "உங்க பழைய மாமியா காலையில தவறிட்டாக" என்றார். மாமியாரில் பழையது என்ன, புதியது என்ன? அந்த மனிதர் மேல் வந்த கோபத்தில் எனக்கு அழுகைகூடச் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. பூம்பாறை அங்கம்மாள் அவர்கள் என் முதல் கணவரைப் பெற்றவர். எனக்கு என்றைக்கும் அத்தைதான். அவரை அறிந்தவர்கள் கல் நெஞ்சுக்காரி என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான், அதனால் இதை எழுதும் கடமை எனக்கு இருக்கிறது.

அத்தைக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. நாலாவதாக என் கணவர் வேலு பிறந்ததும், அந்த ஊர் வழக்கப்படி பிள்ளையைக் குழந்தை வேலப்பர் கோயில் படியில் கிடத்தி, "இது உன் புள்ள" என்று சாமிக்கே தத்துக் கொடுத்துவிட்டார். அப்படிக் கொடுத்த பிள்ளையைப் பெற்றவள் வளர்க்கலாம், உரிமை கொண்டாடக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு படி தவிட்டைச் சாமிக்குக் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

அத்தை வாங்கவில்லை. எங்கள் கல்யாணத்தின்போது பங்காளிகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். "வாங்கிட்டா எம் புள்ளையாயிருவாரு. எம் புள்ளைக மூணும் மண்ணுக்குள்ள கெடக்கு. இவரு வேலப்பரு புள்ளையாவே இருக்கட்டும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

பெற்ற பிள்ளையை அவர் "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். ஊரில் மற்ற தாய்மார்கள் "ஏலே" என்று மகன்களை விரட்டிக்கொண்டிருக்க, இவர் "கஞ்சி குடிக்க வாங்க சாமி" என்பார். புதுப்பெண்ணாகப் போன எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. "உங்க ஆத்தா உங்கள சம்பந்தக்காரர் மாதிரியில்ல நடத்துறாக" என்று அவரைக் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

அவர் கொடைக்கானல் கடைவீதியில் ராவுத்தர் ஒருவரிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்த சமயம் பட்டாளத்துக்கு டிரைவர் வேண்டுமென்று ஆள் எடுத்தார்கள். சேர்ந்துவிட்டார். நீங்களாவது தடுங்கள் என்று நான் அத்தையின் காலைப் பிடித்தேன். "அவரு புள்ளைய அவரு எங்க அனுப்புனா நமக்கென்னத்தா? போன மாதிரியே கொண்டாந்து விட்டுருவாரு" என்றார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அன்றைக்குத்தான் கல் நெஞ்சுக்காரி என்று முதல் தடவை திட்டினேன்.

சில மாதத்தில் ஒரு கடுதாசி வந்தது. ஆளைக் காணவில்லை என்று இருந்தது. செத்தார் என்றும் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. சண்டை முடிந்தது. திரும்ப வேண்டியவர்கள் திரும்பினார்கள், திரும்பாதவர்கள் வீட்டில் காரியம் நடந்தது. அத்தை மட்டும் ஒப்பவில்லை. "சாமி வீட்டுப் புள்ள தொலையாது" என்பார். வெள்ளனே எழுந்ததும் முதலில் என் நெற்றியைத்தான் பார்ப்பார். குங்குமம் இல்லையென்றால் தாமே வைத்துவிட்டுப் பூண்டுக் காட்டுக்குப் போவார். நாலு வருஷம் இப்படி. கடைசியில் அந்த விரல் என் நெற்றியில் பட்டாலே எனக்கு எரியும். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

வத்தலக்குண்டிலிருந்து என் அண்ணன் வந்தார். புருஷன் செத்த பெண் மறுபடி கட்டிக்கொள்வது எங்கள் சாதியில் உண்டு. நல்ல இடம் ஒன்று கேட்டு வந்திருந்தது. ஆனால் காணாமல் போனவருக்குக் காரியம் செய்யாமல் அது நடக்காது. அண்ணன் வாயைத் திறக்கத் தயங்கினார். நான்தான் கேட்டேன்.

"அத்தை, எனக்கு இருபத்தஞ்சு வயசாகுது. நான் பொண்டாட்டியா முண்டச்சியான்னு எனக்கே தெரியல. என்னைய விட்டுருங்க."

மூன்று நாள் பொழுது சாயும்வரை பூண்டுக் காட்டிலேயே கிடந்தார். நாலாம் நாள் கார்த்திகை. குளித்துவிட்டு, முறத்தில் தவிட்டை எடுத்துக்கொண்டு, "ஏத்தா செல்லம்மா, வா" என்றார். கோயில் படியில் முறத்தை வைத்தார்.

"தவிட்ட வாங்கிக்கிருங்க சாமி. எம் புள்ளையக் குடுங்க."

பூசாரி பதறிப்போனார். "இங்க இல்லாத புள்ளைய எப்படி ஆத்தா மீட்டுக் குடுக்க?"

"குடுங்க. நான் அழணும்னா எம் புள்ளையா இருக்கணும்ல."

பூசாரி தவிட்டை எடுத்துக்கொண்டு அவர் கையில் திருநீற்றைப் போட்டார். அதை மூடிப் பிடித்தபடி அத்தை அங்கேயே உட்கார்ந்து, "ஏலே வேலு" என்றார். பெற்ற பிள்ளையை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு அழுதார். வெயில் ஏறும் வரை அழுதார். நான் பக்கத்தில் போகப் பயந்து தூணோரமாக நின்றேன்.

கருமாதி முடிந்தது. என் தாலியை வேறு யாரையும் தொடவிடாமல் அவரே கழற்றினார். என் இரண்டாவது கல்யாணத்துக்கு அவர் வரவில்லை, ஒரு மூட்டை பூண்டு மட்டும் வந்தது. அதன் பின் வேலப்பர் கோயிலுக்குள் அவர் கால் வைக்கவே இல்லையென்று கேள்விப்பட்டேன். சாமி மேல் இருந்த நம்பிக்கை விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

போன தை மாதம் பார்க்கப் போனேன். படுக்கையில் இருந்தார். பேச்சுவாக்கில், "அவுக போயி ஏழு வருசம் ஓடிருச்சு அத்தை" என்றேன்.

"மூணு வருசந்தான்" என்றார்.

நினைவு தப்புகிறது போலும் என்று நினைத்தேன். அவரே சொன்னார்: "நான் தவிடு குடுத்த அன்னிக்கு வரைக்கும் வேலப்பரு அவன உசுரோட வச்சிருந்தாரு. நான் வாங்குனேன், போயிட்டான். எம் புள்ளைன்னு ஆனா எது தங்கியிருக்கு?"

"தெரிஞ்சா அத்தை வாங்குனீங்க?"

"தெரிஞ்சுதான்த்தா. உன்னையும் பாக்கணும்ல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாவுச் சேதி கேட்டு நான் பூம்பாறை போய்ச் சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவைத்திருந்தார்கள். இன்னொருவன் பெண்டாட்டிக்கு இங்கே என்ன வேலை என்று முணுமுணுத்தார்கள். நான் நகரவில்லை. என் கையால்தான் குளிப்பாட்டினேன். ஊர் எல்லை வரை பின்னால் நடந்தேன், அதற்கு மேல் பெண்கள் போகும் வழக்கமில்லை. பனி மூடிய பூண்டுக் காடுகளுக்கு நடுவே நாலு பேர் தோளில் அவர் இறங்கிப் போனார்.

அத்தை, அன்றைக்கு உங்களிடம் கேட்டிருக்கக் கூடாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அந்த நாள் திரும்ப வந்தால் நான் மறுபடியும் கேட்பேன், நீங்களும் மறுபடியும் கொடுப்பீர்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. உங்கள் பிள்ளைகள் நாலு பேரும் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேருங்கள்.