பாதிரியார் தாண்டிய இடம்

எங்கள் மலையூரில் தெரு கூட்டும் ஜெலிந்தாவுக்குத் துடைப்பம் நீளம். வாய் அதைவிட நீளம். சிகரெட் துண்டைக் கீழே போட்டால் மேயரையே கூப்பிட்டுப் பொறுக்க வைப்பாள். அப்படிப்பட்டவள் பக்கத்து வீட்டு அண்ணி நுன்சியாத்தாவோடு மட்டும் பதினோரு வருஷமாகப் பேசவில்லை. அண்ணன் செத்த மறுவாரம், அம்மாவின் செப்புப் பானை யாருக்கு என்று முறைத்துக்கொண்டதுதான்.

நற்கருணைத் திருநாளன்று ஒவ்வொரு வீடும் தன் வாசலில் பூக்கம்பளம் போட வேண்டும். பவனியில் பாதிரியார் மட்டும் அதன்மேல் நடப்பார். பூவை விட்டுக் கால் இறங்கக் கூடாது. இந்த இருவரும் ஒருத்தி பூ மற்றவள் பூவைத் தொடாதபடி நடுவில் ஒரு முழம் வெறுங்கல்லை விட்டுவிடுவார்கள். பாவம் எங்கள் பாதிரியார் லம்பெர்த்தோ சாமி, கையில் நற்கருணை அப்பத்தோடு வருஷாவருஷம் அதைத் தாண்டுவார்.

இந்த வருஷம் நுன்சியாத்தா மாடிப்படியில் விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள். ஒரே மகன் எலியோவுக்கோ திருநாளுக்கு மறுநாள் காலை பட்டணத்து ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷன். எங்கள் ஊரில் வாசல் பூவில்லாமல் கிடந்தால் அது சாவு வீடு. அந்த வீட்டில் வாழ்கிறவர்களோ பிறந்தவர்களோதான் பூப்போடலாம். நாங்கள் போட்டால் செல்லாது. அவள் ஜன்னலில் உட்கார்ந்து வெறுங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே சலூன் வைத்திருக்கும் நான் முந்தின ராத்திரி அதைப் பார்த்துக்கொண்டேதான் கடையைச் சாத்தினேன்.

ஜெலிந்தா பிறந்த வீடு அதுதான். ஆனால் பூனைக்கு யார் மணி கட்டுவது?

திருநாள் விடிந்ததும் ஜெலிந்தா பூக்கூடைகளோடு வந்தாள். தன் வாசலை முடித்தாள். எழுந்திருக்கவில்லை. முட்டி போட்டபடியே பக்கத்து வாசலுக்கு நகர்ந்து, காப்பிச் சக்கையால் கோடு இழுத்து, மஞ்சள் பூவை நிரப்பத் தொடங்கினாள்.

"கோடு கோணலா இருக்கு," என்றாள் நுன்சியாத்தா ஜன்னலிலிருந்து.

"கண்ணு நல்லாத்தான தெரியுது அண்ணி. எறங்கி வந்து, நாற்காலி போட்டு உக்காந்து சொல்லுங்க," என்றாள் ஜெலிந்தா, தலை நிமிராமல்.

நுன்சியாத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். நடுவிலிருந்த அந்த ஒரு முழக் கல்லில் நாற்காலியிலிருந்தபடியே ரோஜா இதழ்களைத் தூவினாள்.

பவனி வந்தது. லம்பெர்த்தோ சாமி ரோஜா வரைக்கும் வந்து, பழக்கதோஷத்தில் அதையும் ஒரு தாண்டு தாண்டினார். தெருவே சிரித்தது. அண்ணியும் நாத்தனாரும் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நுன்சியாத்தாவுக்கு அது அழுகையாக மாறியது.

சாயங்காலம் ஜெலிந்தா தெரு முழுக்கக் கூட்டினாள், அந்த ஒரு வாசலைத் தவிர. ஏன் என்று கேட்டேன்.

"புள்ள பொழைச்சான்னு சேதி வரட்டும். அதுவரைக்கும் மேயரே வந்து சொன்னாலும் கூட்ட மாட்டேன்."

மறுநாள் மத்தியானம் வரை துடைப்பத்தோடு என் கடை வாசலிலேயே நின்றாள். எதிர் ஜன்னல் திறந்தது.

"கூட்டுடி," என்றாள் நுன்சியாத்தா.