தோளில் தடவிய மருந்து

மூளைக்கு அடியில் இருந்த சின்னக் கட்டியை எடுத்த பிறகு, என் உடம்பில் ஆண்களுக்கான சுரப்பு நின்றுபோனது. தாடி வளரவில்லை. முடிச்சூர் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன் நான். இரண்டாவது மாடி ஏறுவதற்குள் கால் துவண்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மனைவி பக்கத்தில் படுத்திருந்தும் மரம் மாதிரி கிடந்தேன். மறுபடி அவளுக்குப் புருஷனாக இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

குரோம்பேட்டை டாக்டரம்மா மூன்று வழி சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் ஊசி. இல்லையென்றால் தினமும் காலையில் தோளில் தடவும் ஜெல். அதுவும் வேண்டாமென்றால் மாத்திரை. நெய், எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடம்பில் ஏறுமாம். நான் காலையில் குடிப்பது கஞ்சி. ஊசி போடும் நர்ஸ் வீட்டுக்குக் கேன் போடுவதும் நான்தான். தலையைக் குனிந்தபடி ஜெல் என்றேன்.

"லேடீஸ் மேல படக்கூடாது. சட்டை போட்டு மறைச்சுக்குங்க," என்றார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"பட்டா இன்னா ஆவும்?"

"பொம்பளைங்களுக்கு முடி மொளைக்குமாம்."

"எனக்கு மீசை வந்துச்சுன்னா, இந்த வூட்ல யாரு புருஷன்னு கேப்பாங்கய்யா," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே என் பாயைக் கூடத்தில் கொண்டுவந்து போட்டாள். சட்டை போட்டிருக்கிறேனே என்றேன். வேர்வையில் ஊறாதா என்றாள்.

மாதங்கள் போயின. உடம்பில் மாற்றமே இல்லை. ரத்தம் பார்த்தார்கள், சுரப்பின் அளவு அப்படியேதான் இருந்தது.

"கேனை எதுல தூக்குறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தோள்லதான் மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். காலையில் தடவியதை எல்லாம் ஈரக் கேன்கள் சட்டையை நனைத்துத் துடைத்துக்கொண்டு போயிருக்கின்றன. அந்தக் கேன்களை வாங்கி வைத்த பெண்களை நினைத்துப் பல நாள் பயந்தேன்.

வயிற்றில் தடவிப் பார்க்கச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் கையை விரித்தார்.

"ஜெல்லு இனிமே வராதுண்ணா. உன்னத் தவிர ஒருத்தனும் வாங்கல, சும்மா தூங்கிகினு கெடந்துச்சு. ஊசின்னா ஜிம்முப் பசங்க அள்ளிகினு போறானுங்க. கம்பெனி ஆளு எது ஓடுதுன்னு கேட்டாரு, ஊசின்னுட்டேன். இன்னாண்ணா, நீயும் ஜிம்முல சேந்துடேன்."

வேறு வழியில்லாமல் நர்ஸ் முன்னால் போய் நின்றேன். ஊசியை ஏற்றிக்கொண்டே, "அண்ணா, சனிக்கிழமை ரெண்டு கேன் சேத்துப் போடுங்க," என்றார். சுவரைப் பார்த்துச் சரி என்றேன்.

ஊசி வேலை செய்தது. தாடி முளைத்தது, கால் துவள்வது நின்றது. முதல் வாரம் உடம்பு முறுக்கேறும். மூன்றாவது வாரம் பழையபடி தொய்ந்துவிடும். இருந்தாலும் போதுமென்று தோன்றியது. மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போய் உட்கார்ந்தேன்.

"இப்ப ஊசிதான். மேல ஒண்ணும் ஒட்டாது. பாய உள்ள போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோ. நான் கூடத்துல படுத்துக்கறேன்."

"ஏன்?"

"தனியா படுத்து பழகிப்போச்சுய்யா," என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது பேசியிருப்பேன்.

ஊசியை நிறுத்தவில்லை, நிறுத்தினால் கேன் தூக்க முடியாது. முதல் வாரம் உடம்பு அவளைக் கேட்கிறது. மூன்றாவது வாரம் தானாக அடங்குகிறது. இப்போதெல்லாம் அந்த மூன்றாவது வாரத்துக்குத்தான் காத்திருக்கிறேன்.