நான் கேட்டு வைக்காத கடவுச்சொல்

மனைவி காலமான பிறகு மாத்தளையில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். அவளுடைய படங்களும் குரல் பதிவுகளுமாக நானூற்றுப் பன்னிரண்டு என் கைப்பேசியில் இருந்தன. அடிக்கடி எண்ணிப் பார்ப்பேன். சென்ற மாதம் கலேவெலயிலிருந்து திரும்பும்போது அந்தக் கைப்பேசி பஸ்ஸில் தொலைந்துபோனது.

எல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் புதியது வாங்கினேன். அது கடவுச்சொல் கேட்டது. எனக்காகக் கணக்குத் திறந்தவள் அவள். நான் கேட்டு வைக்கவில்லை. மீட்புக் குறியீடு அவளுடைய எண்ணுக்குத்தான் போகுமாம். யாரும் பேசாத எண் எதற்கு என்று அந்த இணைப்பை நானே நிறுத்தியிருந்தேன்.

அன்று கணக்குத் திறக்க அவளுக்கு உதவிய கைப்பேசிக் கடைக்காரரிடம் ஓடினேன். அவர் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தார்.

“சேர், ஒங்க பேரையே போடலாம்னு சொன்னேன். அம்மா ஒங்க பேர வாயால சொல்ல மாட்டேன்னுட்டாங்க.”

“அப்புறம் என்னதான் போட்டீங்க?”

“வீட்ல எப்படித்தான் கூப்புடுவீங்கன்னு கேட்டேன். ‘இந்தாங்க’ன்னு சொன்னாங்க. அதையே இங்கிலிஷ்ல அடிச்சு, பின்னால நீங்க கல்யாணம் முடிச்ச வருசத்தப் போட்டோம்.”

அங்கேயே நின்று அடித்தேன். திறந்தது. நானூற்றுப் பன்னிரண்டும் இருந்தன.

இப்போது மீட்பு எண்ணாக மகளின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். மறந்துவிடாமலிருக்க ஞாயிறுதோறும் கணக்கிலிருந்து வெளியேறி, கடவுச்சொல்லை அடித்து மீண்டும் உள்ளே போகிறேன். இங்கே எழுதிவிட்டதால் வருடத்தை எடுத்துவிட்டு வேறு எண்கள் போட்டுவிட்டேன். முன்னாலுள்ள சொல்லை மாற்ற மட்டும் மனம் வரவில்லை. என்னை அப்படிக் கூப்பிட இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.