ஏழு கொக்கி லாரி

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? எழுபதை நெருங்கும் ஒரு மனுஷன் பொம்மை லாரி செய்கிறார், அவர் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொள்கிறாள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? அடுப்பில் பால் வைத்திருந்தால் முதலில் போய் அதைப் பாருங்கள். நான் எங்கேயும் ஓடிப்போக மாட்டேன். பார்த்தாயிற்றா? சரி, உட்காருங்கள். கேட்காமல் போகமாட்டீர்கள் என்பது முகத்திலேயே தெரிகிறது.

எங்கள் வீடு கருங்குழியில். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். ஒரே முதலாளி, ஒரே லாரி, இருபது வருஷம் ஓட்டினார். படாளம் பக்கம் போனால் கரும்பு, செங்கல்பட்டுப் பக்கம் போனால் ஜல்லி. அந்த லாரியை உடைக்கப் போட்டபோது முதலாளி, "உன் ஞாபகத்துக்கு எதனா எடுத்துக்கப்பா" என்றாராம். ஸ்டீரிங்கை எடுத்திருக்கலாம், ஹாரனை எடுத்திருக்கலாம். இவர் எடுத்து வந்தது பக்கப் பலகை. லோடு ஏற்றும் இடம் எத்தனை நீளமோ அத்தனை நீளத்துக்கும் ஒரே பலகை. தார்ப்பாய் கயிறு கட்ட அதில் வரிசையாகக் கொக்கிகள். கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் சாத்திவிட்டு வேறு லாரிக்குப் போய்விட்டார். அப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

போன வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனார். கண் சரியில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், தூரத்தில் வரும் பஸ் தெரியாது. வீட்டில் உட்கார்ந்தார். நான் புளி கரைத்தால் அதற்கு ஒரு கருத்து, ரசம் தாளித்தால் அதற்கு இரண்டு கருத்து. எப்போது திரும்ப வேலைக்குப் போவார் என்று ஏங்கிவிட்டேன்.

படூரில் ஃபிளாட்டில் இருக்கும் எங்கள் மருமகனுக்கு வண்டி பொம்மைகள் செய்கிற கிறுக்கு உண்டு. மாமனாருக்கும் ஒரு பெட்டி வாங்கி வந்தார். உள்ளே வெளிநாட்டு லாரி ஒன்று துண்டு துண்டாக இருந்தது.

"இருபத்திநாலுல ஒரு பங்கு மாமா. நிஜ வண்டில ரெண்டு அடின்னா, இதுல ஒரு இஞ்ச்."

"அது கெடக்கட்டும் மாப்ள. மூஞ்சி இன்னா இம்மாம் நீட்டா கீது? இத்த வச்சுகினு மதுராந்தகம் சந்துல திரும்ப முடியுமா?"

டயரையும் அடிச்சட்டத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டார். தன் சொந்த லாரியையே செய்யப் போவதாகச் சொன்னார். அன்றோடு என் நிம்மதி போனது.

கொசுவலையில் ஒரு மூலையைக் காணோம். அது லாரியின் முன்பக்கச் சல்லடை ஆகிவிட்டது. என் ஜாக்கெட் கொக்கிகளைக் காணோம். அவை கயிறு கட்டும் கொக்கிகள். துவரம்பருப்பைக் களைந்தால் டயர் வருகிறது. தோட்டின் திருகாணியைத் தேடி வீடெல்லாம் பெருக்கினேன். "ரேடியேட்டர் மூடிக்கு அதான்மே சரியா ஒக்காந்துச்சு" என்கிறார். பசை நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. போதாததற்கு, வேலை செய்ய மேடுபள்ளம் இல்லாத பலகை வேண்டும் என்று என் கிரைண்டரைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அதன் அடியில் இருந்த பலகையை இழுத்துக்கொண்டார்.

அந்தப் பலகையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் வேறு லாரியில் வடக்கே போயிருந்த சமயம், கதவு சரிபண்ண வந்த ஆசாரியிடம் சொல்லி, பின்னால் சாத்தியிருந்த லாரிப் பலகையில் மூன்றடி அறுத்து வாங்கியிருந்தேன். தரையில் வைத்தால் கிரைண்டருக்கு ஈரம் ஏறுகிறதே, நான் என்ன செய்வேன்? நாலடி கேட்டேன், ஆசாரிதான் பயந்துவிட்டார். அறுத்த முனை பளிச்சென்று தெரிந்தது. சாணியையும் எண்ணெயையும் குழைத்துப் பூசினேன். துண்டோடு வந்த இரண்டு கொக்கிகளைக் குளியலறைச் சுவரில் அடித்தேன். அவர் தினமும் லுங்கி மாட்டுவது அதில்தான்.

ஒரு நாள் டேப்போடு வந்தார்.

"பதினேழு அடி, ஒம்போது கொக்கி. கண்ண மூடிகினு சொல்லுவேன். இருந்தாலும் ஒரு தபா அளந்துடலாம், வா."

நான் ஒரு முனையைப் பிடித்தேன். பதினாலு அடி. கொக்கிகளை எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணினார்.

"பதினாலா?"

"டேப்பு பொய் சொல்லுமாய்யா?" என்றேன்.

ஒரு நாள் சிரித்துவிட்டு மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கிற மாதிரி எதையும் செய்யவில்லை. ஏழு அங்குலத்துக்கு வெட்டினார், ஏழு கொக்கி ஒட்டினார். அதற்கப்புறம் மாத்திரை போட்டோமா என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார். கேஸை மூடிவிட்டு வந்து, மூடினேனா என்று திரும்பப் போய்ப் பார்த்தார். நாற்பது வருஷம் ராத்திரி பகல் பார்க்காமல் ரோட்டில் இருந்தவர், மதுராந்தகம் போக நான் கூட வரவேண்டும் என்றார். போனில் மருமகனிடம், "நீ சொல்றதுதான் சரி மாப்ள. என் தலைய நம்பாத" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பலகை சொன்னதற்காக ஒரு மனுஷன் தன்னையே சந்தேகப்படுவானா? அன்றே சொல்லியிருக்கலாம்தான். நாள் ஆக ஆக, சொல்ல வாய் வரவில்லை.

மருமகன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் கூடத்தில், இந்த மாதிரிக் கிறுக்குப் பிடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி அவரவர் வண்டியை மேசையில் வைப்பார்களாம். மாமாவின் லாரிக்கும் இடம் பிடித்திருந்தார்.

அந்த வாரம் பழைய கிளீனர் வந்தார். என் வீட்டுக்காரரோடு அதே லாரியில் பத்து வருஷம் இருந்தவர், கடலோரக் குப்பத்துக்காரர். இப்போது மொபெட்டில் பெட்டி கட்டி மீன் விற்கிறார். எனக்கு ஒரு கூறு சங்கரா கொண்டுவந்திருந்தார். லாரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சரியா கீது அண்ணாத்த. பின்னாடி மட்டும் குட்டையா கீதே."

"பதினாலு அடிடா."

"இன்னா பதினாலு? நான் காலு நீட்டிப் படுத்து, எனக்கு அந்தாண்ட இன்னும் ரெண்டு பேரு படுப்பாங்க. கொக்கி ஒம்போது. மழைல ஓடி ஓடி நான் கட்னது. கைல காப்பு காச்சினது பொய்யா?"

"நானும் அப்டித்தான் சொன்னேன். பின்னால போயி பலகைய எண்ணிட்டு வா."

போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் செத்திருந்தது. "ஏழுதான் கீது" என்று தலையைச் சொறிந்தார். "அப்ப மீதி ரெண்டு கயிற நான் எதுல கட்னேன்?"

பாருங்கள், சும்மா சாத்திக் கிடக்கிற ஒரு பலகை இரண்டு ஆம்பளைகளை முட்டாளாக்கிவிட்டது.

"நம்ம ரெண்டு பேருக்குமே மறை கழண்டுகினு வருதுடா" என்றார் என் வீட்டுக்காரர். கத்தியின் முனையை டயருக்கு அடியில் விட்டு நெம்ப ஆரம்பித்தார். "சொந்த வண்டி நீளம் தெரியாதவனுக்கு வண்டி எதுக்கு? மாப்ள கைல சொல்லிடுமே, ஞாயித்துக்கெழம வரலன்னு. கண்ணு போச்சு. இப்ப புத்தியும் போவுது."

ஒரு டயர் கழன்று, மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் காலடியில் உருண்டது.

மீனை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். லாரியைத் தூக்கி கிளீனர் கையில் கொடுத்தேன். பெயின்ட் புட்டிகளை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு அவர் வேலைப் பலகையைத் திருப்பிப் போட்டேன். அடிப்பக்கத்தில் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள் கோடு, நடுவில் கொக்கி இருந்த ஓட்டைகள். மேல்பக்கம் அவற்றை வருஷக்கணக்கில் மாவு அடைத்திருந்தது.

"தோ பாருய்யா. உன் புத்தி எங்கியும் போவல. என் கிரைண்டருக்கு அடில கெடந்துச்சு."

என் வீட்டுக்காரர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"கொக்கி எங்க?"

"உன் லுங்கி தொங்குது பாரு, அங்க."

கிளீனர் சிரித்த சிரிப்பில் லாரி கீழே விழுந்திருக்கும், நான்தான் பிடித்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று திட்ட ஆரம்பித்தார். கல்யாணத்தன்று என் அம்மா ரசத்தில் உப்புப் போடாததிலிருந்து ஆரம்பித்து, நான் செய்ததை எல்லாம், எந்த வருஷம், எந்த ஊர், யார் முன்னால் என்று ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னார். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டேன். ஞாபகம் அத்தனை சுத்தமாக இருந்தது.

"எனக்கு மறை கழலல அண்ணி" என்று கிளீனர் என்னிடமே வந்து சொல்லி சந்தோஷப்பட்டார்.

மறுநாளே என் வீட்டுக்காரர் லாரியின் பின்பக்கத்தை அறுத்து, ஒன்றரை அங்குலம் சேர்த்து ஒட்டினார். பட்டறையில் நிஜ லாரியை நீட்டுவதும் இப்படித்தானாம். அதற்கும் என் ஜாக்கெட் கொக்கிதான் போனது. இந்த முறை நானே பிய்த்துக் கொடுத்தேன். ஒட்டுப் போட்ட இடம் கோடாகத் தெரிந்தது. பெயின்ட் அடித்து மறைக்கச் சொன்னேன்.

"இருக்கட்டும். உன் பேர அங்க எழுதாம வுட்டேனேன்னு சந்தோசப்படு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிக்குப் பூசை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனேன், பழம் டயரைவிட உயரமாக நின்றது. "இருபத்திநாலுல ஒரு பங்குமே!" என்று கத்தினார். கடைசியில் நாலு டயருக்கும் நாலு கடுகு. பூசணிக்காய்க்குப் பதில் ஒரு சுண்டைக்காயைச் சுற்றி வாசலில் நானே நசுக்கினேன். அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். எந்த பஸ் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் தப்பாகத்தான் சொல்லியிருப்பேன்.

மாமல்லபுரத்தில் மேசைப் பக்கம் வந்த ஒவ்வொருவரிடமும், அவர்கள் கேட்காமலேயே, "பதினேழு அடி, ஒம்போது கொக்கி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காது வலித்துவிட்டது.

இப்போது லாரி டிவி மேல் நிற்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். "நடுவுல இன்னாக்கா கோடு? ஒடஞ்சி போச்சா?" என்று நேற்றுக்கூடக் கேட்டார்கள்.

"ஆக்சிடென்டுமா" என்றேன். "லைசென்ஸ் இல்லாத பொம்பள ஒருத்தி பின்னாடி வந்து இட்ச்சுட்டா. நல்லவேளை, டிரைவருக்கு ஒண்ணும் ஆவல."