முப்பது வருடம் நான் சமைக்காத பெரட்டல்

என் வீட்டுக்காரர் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளிலிருந்து டிபன் கேரியர்கள் வருவது நின்றது. அதுவரை எங்கள் அன்பியத்துப் பெண்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். சிங்கப்பூரில், செம்பவாங்கில், எங்கள் புளோக்கைச் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் செபிப்போம், பிறகு வயிறாரச் சாப்பிடுவோம். அதுதான் அன்பியம். கடைசி கேரியரைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தவர் பாட்டுக் குழுவை நடத்தும் அக்கா. வாசலில் நின்று என் கன்னத்தைத் தடவினார்.

"இனிமே நீயே அடுப்பப் பத்த வெச்சிடு. உன் கைக்கு என்னடி குறைச்சல்?"

தலையாட்டினேன். கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். அடுப்பைப் பற்றவைக்க மட்டும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

ஆமாம், அறுபத்தொரு வயதுப் பெண்பிள்ளை, எனக்குச் சமைக்கத் தெரியாது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். டீ போடுவேன், ரொட்டி சுடுவேன், மேகி கிண்டுவேன். மற்றதெல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை, நாலு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். எனக்கு நகரத்தில் ஆபீஸ், வீடு வந்து சேர ஏழாகிவிடும். கல்யாணமான முதல் வாரமே அவர் கரண்டியை எடுத்துக்கொண்டார், நான் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் அது ஒரு பெரிய விஷயமாக இருந்ததே இல்லை. வெளியில்தான் அது பொய்யாகிப்போனது.

அந்தப் பொய்யைச் சொன்னதும் அவர்தான். கல்யாணமாகி ஆறாவது வருடம், கோயில் திருவிழா விருந்து. வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மண்டபத்தில் ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, பக்கத்தில் இருந்தவளிடம் என் காதில் விழும்படியே கேட்டாள்: "பிள்ளையும் இல்ல. அடுப்பாவது எரியுதா அந்த வீட்டுல?" எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த நேரம் பார்த்து அவர் பின்னாலிருந்து சட்டியோடு வந்தார். "இந்தாங்கக்கா, என் வீட்டுக்காரி செஞ்ச ஆட்டிறைச்சிப் பெரட்டல். சாப்பிட்டுப் பாருங்க."

அரை மணி நேரத்தில் சட்டியை வழித்து நக்கிவிட்டார்கள். மசாலா இறைச்சியோடு ஒட்டிச் சுருண்டு கிடக்கும், தொட்டுக்கொள்ளக் குழம்பு என்று ஒரு சொட்டு இருக்காது, அப்படிப் பெரட்டுவார் அவர். திரும்பும்போது பஸ்ஸில் அவரோடு சண்டை போட்டேன். "எதுக்கு அப்படி ஒரு பொய்?"

"இனிமே உன்னப் பார்த்தா பெரட்டலப் பத்திதான் கேப்பாங்க," என்றார். "வேற எதையும் கேக்க மாட்டாங்க."

அப்படியேதான் நடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், முப்பது வருடம் மறைந்தே கிடந்தது. கிறிஸ்மஸ், ஈஸ்டர், அன்பியம் எதுவானாலும் என் பெரட்டல் இல்லாமல் பந்தி இல்லை. அவரே கரண்டியோடு நின்று பரிமாறுவார். "எப்படி இருக்கு என் வீட்டுக்காரி கை?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். எனக்காகக் கேட்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டுக் குழு அக்கா மட்டும் விடமாட்டார், வருடா வருடம் செய்முறை கேட்பார். குடும்ப ரகசியம் என்பேன். "கஞ்சப் பிசினாறி! சொன்னா உன் கை தேஞ்சா போயிடும்?" என்று திட்டுவார். எனக்கே தெரியாததை எங்கிருந்து சொல்வது?

கேரியர்கள் நின்றபின் சில மாதங்கள் கீழ்த்தளத்துக் கடையில்தான் காலம் தள்ளினேன். ஒரு நாள் சிக்கன் ரைஸ், ஒரு நாள் மீ கோரிங், பொட்டலம் கட்டித் தாபாவ் செய்து வீட்டுக்கு எடுத்துவந்து பொட்டலத்தைப் பிரித்தபடியே, கழுவுமிடத்தின் அருகில் நின்றுகொண்டே சாப்பிடுவேன். தட்டு எடுத்தால் கழுவ வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்தால் எதிர் நாற்காலியைப் பார்க்க வேண்டும். ஐந்தாறு மாதத்தில் நாக்கு மரத்துப்போனது. ஒரு நாள் ரசம் சாதம் சாப்பிட வேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான். வெறும் ரசம். அதற்கு வழி தெரியாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன், பிறகு எழுந்து கூடத்துக்குப் போய் அவர் படத்தைப் பார்த்துக் கத்தினேன்: "ஏங்க, ஒரு ரசமாவது சொல்லிக் குடுத்துட்டுப் போகணும்னு தோணலையா உங்களுக்கு?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எத்தனையோ முறை "இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டிருக்கிறார். நான்தான் களைப்பாக இருக்கிறது என்று நகரமாட்டேன்.

அந்த வாரம் கையில் கிடைத்த வீடியோவை எல்லாம் பார்த்து ரசம் வைத்தேன். நாலு பேருக்கு என்று போட்டிருந்தது, நாலு பேருக்கு வைத்தேன். மூன்று நாள் அதையே குடித்தேன். சோறு குழைந்தது, அடுத்த நாள் விறைத்தது. ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று ஒரு பாவியும் சொல்லித் தருவதில்லை! முட்டையை நாலில் ஒரு பங்காக உடைக்க முடியுமா? பாதி வெங்காயத்தை நறுக்கி மீதியை டப்பாவில் போடப் பழகினேன். அரைக் கப் அரிசிக்குப் பழைய குக்கர் ஒத்துவரவில்லை, சின்னக் குக்கர் ஒன்று வாங்கினேன். தாளிப்பதற்குக் கடுகை இரண்டு விரலால் அள்ளினாலே போதும் என்பது தெரிய ஒரு மாதம் ஆனது.

அந்த நிலைமையில்தான் அக்கா போன் செய்தார். "வருஷ நினைவுச் செபம் உன் வீட்டுலதான். சோறு, பச்சடி, அப்பளம் எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம். பெரட்டல் மட்டும் நீ செஞ்சிடு. அவருக்குப் பிடிச்சதுலா, அது இல்லாம எப்படி?"

மூன்று மாதம் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? எனக்கு உடம்பு சரியில்லை, கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சாக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு சாக்குக்கு அடுத்த வருடம் இன்னொரு சாக்கு வேண்டும். குட்டு உடைந்தால் என் மானம் போவது ஒரு பக்கம். செத்த மனிதரை, அதுவும் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன ஒரு வார்த்தைக்காக, ஊரெல்லாம் பொய்யர் என்று சொல்லவிடுவேனா? அந்த நினைப்புத்தான் என்னை உலுக்கியது.

சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போனேன். அவர் வழக்கமாக வாங்கும் இறைச்சிக் கடை தெரியும், நான் எப்போதும் வெளியே காய்கறிப் பக்கம் நின்றுகொள்வேன். கடைக்கார பாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அண்ணன ரொம்ப நாளா காணோமேக்கா, ஊருக்குப் போயிட்டாங்களா?"

சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"எத்தனை பேருக்குக்கா?" என்றார் பிறகு.

"ஒரு ஆளுக்கு." அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் நெஞ்செலும்போடு கொஞ்சம் தொடைக்கறியும் சேர்த்து வெட்டினார். "அண்ணன் எப்பவும் இப்படித்தான் கேப்பாங்க. அவங்க பெரட்டல் ஒரு நோன்பு சமயம் எனக்கும் கொண்டாந்து குடுத்தாங்க. என் கறிதான், ஆனா என் வீட்டுல அப்படி வந்ததே இல்ல. என்னா கைலா அது!" என்றார். என் வீட்டுக்காரர் சமைத்ததை அவர் பேர் சொல்லிப் புகழ்ந்து நான் கேட்டது அன்றுதான். எம்ஆர்டி ரயிலில் வரும் வழியெல்லாம் அதுவே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் பெரட்டல் ரப்பர். இரண்டாவது கரி. வீடியோவில் சொன்னபடி நிமிடக் கணக்குப் பார்த்தால் என் அடுப்புக்கு ஒத்துவரவில்லை. அப்புறம்தான் ஒரு யோசனை தோன்றியது. நான் அவர் சமைத்ததைப் பார்த்ததில்லையே தவிர, கேட்டிருக்கிறேன். முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்த அத்தனை சாயங்காலமும் காதில் விழுந்ததுதானே? இறைச்சி நீரோடு கொதிக்கும்போது கொதகொதவென்று இருக்கும். நீர் சுண்டச் சுண்டச் சத்தம் மெலிந்து, எண்ணெய் மேலே வரும்போது சிர்ரென்று ஆகும். அதற்குப் பிறகு அவர் கரண்டி சட்டியைச் சுரண்டும் சத்தம், நிற்காமல், கை ஓயாமல்.

அந்தச் சத்தம் சரியாகக் கேட்கட்டும் என்று புகை உறிஞ்சும் விசிறியை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். மிளகாய் நெடி வீடெல்லாம் பரவி, படிக்கட்டுவரை போய்விட்டது. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா இருமிக்கொண்டே கதவைத் தட்டி, தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார். கண்ணெல்லாம் நீரோடு நான் கரண்டியைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், ஜன்னலை எல்லாம் அவரே திறந்துவிட்டுப் போனார்.

ஆனால் அன்றைய பெரட்டலைச் சாப்பிட முடிந்தது. தட்டில் போட்டு, மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்ள எழுந்தபோதுதான், அவர் போனபின் நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வது இதுதான் முதல் தடவை என்று தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

அப்படி எட்டுச் சனிக்கிழமை. தோள் வலித்தது, முழங்கை வலித்தது. ஒரு ஆளுக்குப் பெரட்டவே இப்படி என்றால், திருவிழாவுக்கு நாற்பது பேருக்குப் பெரட்டிவிட்டு, குளித்து, சட்டை மாற்றி, சிரித்த முகத்தோடு பேரை என்னிடம் கொடுத்துவிட்டு நின்ற மனிதரை நினைத்துப் பார்த்தேன். அந்த வேலையின் கனம் தெரியாதவரைக்கும் பேரை வைத்துக்கொள்வது சுலபமாகத்தான் இருந்தது.

செப நாளன்று வீடு நிறைந்துவிட்டது. செபமாலை முடிந்து, அவர் படத்துக்குப் புது மாலை போட்டு, எல்லாரும் தட்டை எடுத்தார்கள். பெரட்டலை நானே பரிமாறினேன். முதல் வாய் வைத்த அக்கா மெல்லுவதை நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மோசமில்லை, ஆனால் அவர்கள் முப்பது வருடம் சாப்பிட்டது அது இல்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு என்ன தோன்றியதோ, சட்டென்று குரலை உயர்த்தினார். "துக்கத்துல கை மாறிப்போகும்லா. எங்கம்மா போனப்போ எனக்கு ஒரு வருஷம் உப்பே தெரியல. தானா வந்துடும், நீ ஒண்ணும் கவலைப்படாத." எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எவ்வளவு நல்ல மனசு! நான் தப்பித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், இன்னும் முப்பது வருடம் ஓட்டலாம்.

"கை மாறலக்கா," என்றேன். "என் கை இதுதான். நீங்க இத்தனை வருஷமா சாப்பிட்டது அவர் கை."

யாருக்கும் புரியவில்லை. அதனால் திருவிழா மண்டபத்திலிருந்து, அந்த அம்மாள் கேட்ட கேள்வியிலிருந்து, அவர் பஸ்ஸில் சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று பார்த்தேன், முடியவில்லை.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அடிப்பாவி! எத்தனை கிறிஸ்மஸுக்கு உன் பின்னாடியே அலைஞ்சேன். ரகசியம் ரகசியம்னு சொல்லி என்னை முட்டாளாக்கிட்டியே! அந்த மனுஷன் கரண்டியோட என் முன்னாடிதானே நின்னார். எப்படி இருக்குன்னு என்கிட்டதானே கேட்டார்..."

அங்கே நிறுத்தினார். என் வீட்டுக்காரர் என்ன கேட்டுக்கொண்டு நின்றார் என்பது எனக்கும் அக்காவுக்கும் ஒரே நேரத்தில்தான் உறைத்தது. ஒரு நல்ல வார்த்தைக்காகத்தானே அவர் முப்பது வருடமும் அப்படிச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒருவரும் அதை அவருக்கென்று சொல்லவில்லை. வீட்டுக்குள் இருந்த நானும் சொல்லவில்லை. நான் தட்டை வழித்துவிட்டு எழுந்துபோவேன்.

அக்கா தட்டைக் கீழே வைத்தார். புடவையைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தை விலக்கி, சுவரில் இருந்த அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கும் அந்தப் பெரிய குரல் அன்றைக்கு எழும்பவே இல்லை.

"அண்ணே," என்றார், "பெரட்டல் ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே."