ஒரு வாய் உப்புத் தண்ணீர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், புலம்பெயர்ந்து வந்த ஒடென்சே நகரில் சொந்தக் கடை வைத்தவன். இன்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, குவளையை நிரப்பாமலே மூடினேன். ஊரில் போர் முடிந்துவிட்டதாம். வன்னியில் அகப்பட்ட தங்கை மேரியிடமிருந்து தகவலே இல்லை.

எங்கள் தீவுக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீரை அம்மா தொலைவிலிருந்து சுமந்து வருவார். ஜெபம் முடிந்ததும் எங்கள் தகப்பனார், ஐயா, "முதல் ஒரு வாய் உப்புத்தண்ணி குடியுங்கோ. அப்பதான் கர்த்தர் தந்த நல்ல தண்ணியின்ர அருமை தெரியும்" என்பார். மேரி முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவாள். நான் துப்பிவிடுவேன்.

தொலைபேசி அடித்தது.

"அண்ணை, மேரி கதைக்கிறன். முகாமிலை இருக்கிறன்."

"மேரி..." என்று விம்மினேன்.

"அழாதேங்கோ. ஐயா தந்தது ஒரு வாய். நாங்கள் குடமே குடிச்சிட்டம்."

உதட்டில் இறங்கிய கண்ணீரை இந்த முறை நான் துப்பவில்லை.