காலால் வந்த தேங்காய்

மெல்பேர்னில், கையாலும் காலாலும் ஆடும் முட்டை வடிவப் பந்தாட்டம் முடிந்து சனம் ரயிலில் ஏறினால் மற்றவர்களுக்கு மூச்சு விட இடமிராது. அன்று எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் தமிழர்தான். ஐம்பது வயதிருக்கும். பானை வயிறு, கழுத்தில் தோற்ற அணியின் சால்வை. ரயிலைப் பிடிக்க ஓடி வந்த இளைப்பே இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் பக்கத்திலிருந்த சிநேகிதரிடம் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க்ஸ் போட்டுக்கொண்டு வந்தார்.

“அந்த நெட்டையனுக்கு ஒண்டு. பந்து காலடியில கிடக்குது, குனிஞ்சு எடுக்கேலாதாம் துரைக்கு.”

ரயில் குலுங்கியதில், கோயிலுக்கென்று நான் வாங்கிய தேங்காய் பையிலிருந்து விழுந்து அவருடைய காலடிக்கு உருண்டது. எனக்கு முழங்கால் மடங்காது.

“தம்பி, அதை ஒருக்கா எடுத்துத் தாரும்.”

அவர் குனியவில்லை. சப்பாத்துக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். சிநேகிதர்தான் எடுத்துத் தந்தார்.

“சாமிக்கு வாங்கினது, தம்பி. உமக்கு எத்தினை மார்க்ஸ் போடலாம்?”

சால்வைக்காரர் சிரிக்காமல் சொன்னார்: “நான் விளையாடேல்லையே, அன்ரி.”

கால் பட்டதைச் சாமிக்கு உடைக்க முடியாது. வீட்டில் அதைத் துருவிச் சம்பல் அரைத்தோம். அவர் பகிடி விட்டாரா, மெய்யாகத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.